குடும்பத்தோடு சைக்கிள் பயணம்: சைக்கிளுக்கு முன்னால் சாலையைப் பாருங்கள்

நீங்கள் இருவர், 10 வயது மகள், 5 வயது மகன். வாகன நெரிசல் இல்லாத கிராமப்புறச் சாலைகளில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்ற ஆசை. என்ன சைக்கிள் வாங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்வது, வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இந்த வரிசையில் கேட்டிருக்கிறீர்கள். நான் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வழி சரியாக அமைந்துவிட்டால் சுமாரான சைக்கிளே போதும். அது தப்பாகிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளும் காப்பாற்றாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு லாரிகள் உரசிப் போகும் சாலையில் ஒரு மணி நேரம் மிதித்தால், மறுநாள் சைக்கிளில் ஏறவே யாருக்கும் மனது வராது.

வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிவதெல்லாம் அமைதியான சாலை ஆகிவிடாது. ஒவ்வொரு சாலையைப் பார்க்கும்போதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இந்தச் சாலை தேவைப்படும்? இரண்டு பெரிய ஊர்களுக்கு இடையே குறுக்குவழியாக இருந்தால், எவ்வளவு ஒடுக்கமான சாலையானாலும் காலையிலும் மாலையிலும் கார்கள் பறக்கும். சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போக உதவும் சாலையாக இருந்தால் லாரிகளும் வந்து சேரும். கல்குவாரியோ சிமென்ட் ஆலையோ பக்கத்தில் இருக்கிறதா என்பது செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். வளைந்து நெளிந்து நாலைந்து சிற்றூர்களைத் தொட்டுவிட்டுப் போகும் சாலையால் அவசரக்காரர்களுக்குப் பயனில்லை. உங்களுக்கு வேண்டியது அதுதான். புதிதாக நான்குவழிச் சாலை போட்டபின் பக்கத்திலேயே விடப்பட்ட பழைய சாலையும் நல்ல தேர்வு. அகலமும் தாரும் இருக்கும், பல இடங்களில் பழைய மரங்களும் நிற்கும். போக்குவரத்து மட்டும் வேறு பக்கம் போயிருக்கும்.

பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது பாலங்களை. ஆற்றுக்கு இரண்டு கரையிலும் எத்தனையோ சின்னச் சாலைகள் இருக்கும். ஆனால் ஆற்றைக் கடக்கப் பத்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு பாலம்தான் இருக்கும், அது நெடுஞ்சாலையின் பாலமாக இருக்கும். ரயில் பாதையைக் கடப்பதும், நெடுஞ்சாலையையே குறுக்கே கடப்பதும் இதே கதைதான். அதனால் வழி போடும்போது முதலில் இந்தக் கடக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதை, படகுத்துறை, பாதசாரிப் பாலம், பழைய பாலம் எது கிடைத்தாலும் சரி. அவற்றை முடிவு செய்துவிட்டு, நடுவில் உள்ள சாலைகளைப் பிறகு கோத்துக்கொள்ளலாம். ஒரு நல்ல கடவைக்காக 5 கிலோமீட்டர் சுற்றிப் போவதில் நஷ்டம் இல்லை.

வரைபடத்துக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையே பாருங்கள். அதில் பல இடங்களில் சாலை தாரா, ஜல்லியா, மண்ணா என்ற விவரம்கூடப் பதிவாகியிருக்கும். அதை அடிப்படையாகக் கொண்ட சைக்கிள் வரைபடங்களில் மேடு பள்ளத்தைக் காட்டும் சம உயரக் கோடுகளும் உண்டு. செயலியில் கார் வழியைப் போடாமல் சைக்கிள் வழியைப் போடுங்கள். போட்டபின் அதை அப்படியே நம்பவும் வேண்டாம். 400 மீட்டர் மிச்சப்படுத்துவதற்காக உங்களை நெடுஞ்சாலை ஓரத்திலோ வயல் வரப்பிலோ கொண்டுபோய் விடுவது செயலிகளின் சுபாவம். திரையைப் பெரிதாக்கி வழி முழுவதையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். சாலையோரப் படங்கள் கிடைக்கும் இடங்களில், சந்தேகமான வளைவுகளையும் சந்திப்புகளையும் மட்டும் திறந்து பார்த்தால் போதும். ஒரு நாள் வழியைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆகும். மொத்தத் திட்டத்தில் நேரம் செலவிடத் தகுந்த வேலை இதுதான்.

இவ்வளவு சிரமம் வேண்டாம், முதல் முறைதானே என்றால், ஏற்கெனவே சைக்கிளுக்காகவே அமைக்கப்பட்ட பாதை ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் மூன்று வகைகள் குடும்பங்களுக்கு ஏற்றவை. முதலாவது, கைவிடப்பட்ட ரயில் பாதை. ரயில் செங்குத்தாக ஏறாது. சாதாரண ரயில் பாதைகளில் சரிவு 2 சதவிகிதத்தைத் தாண்டுவது அரிது. அதனால் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போட்ட பாதையில் 5 வயதுக் குழந்தைகூட மிதித்துவிடும். நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் 152 கி.மீ. நீளம், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கேட்டி டிரெயில் 380 கி.மீ.க்கும் மேல். முழுவதும் போக வேண்டியதில்லை, வேண்டிய துண்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, கால்வாய்க் கரை. மூன்றாவது, பெரிய ஆற்றின் கரை, அதுவும் நீரோட்டத்தின் திசையில். ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் கரையோரம் போகும் 300 கி.மீ.க்கு மேற்பட்ட பாதை இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. பல பகுதிகளில் ஆற்றின் இரு கரையிலும் பாதை உண்டு, நடுவில் படகில் மாறிக்கொள்ளலாம்.

பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் போனால் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பலகை நட்டிருப்பார்கள். 14, 37, 52 என்று எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி 10 வயது மகளிடம் கொடுத்துவிட்டால் அன்றைக்கு வழிகாட்டி அவள்தான். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1990களில் தொடங்கிய முறை இது. இப்படிப் பலகை இல்லாத இடங்களிலும் இதே தந்திரம் வேலை செய்யும்: சந்திப்புகளுக்கு நீங்களே எண் போட்டு, எங்கே எந்தப் பக்கம் திரும்புவது என்று எழுதிக் கொடுங்கள். எவ்வளவு தூரம் பாக்கி என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

அடுத்தது தூரம். பழகிய 10 வயதுக் குழந்தை சமதளத்தில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போகும். அப்படியானால் 30 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம். ஆனால் தண்ணீர் குடிக்க, சிறுநீர் கழிக்க, ஆட்டுக்குட்டியைப் பார்க்க, கழன்ற செயினை மாட்ட என்று இன்னும் ஒன்றரை மணி நேரம் போகும். ஆக 30 கி.மீ. என்பது ஏறக்குறைய 4 மணி நேரம். முதல் பயணத்துக்கு நாளுக்கு 25 முதல் 30 கி.மீ. என்பதே என் கணிப்பு. முதல் நாள் 15 போதும். நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. மீதி ஐந்து நாட்களில் மிதித்தால் வாரத்துக்கு 140 முதல் 165 கி.மீ. வரும். காரில் இரண்டு மணி நேரத் தூரம்தானே, இதற்கு ஒரு வாரமா என்று உறவினர்கள் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

சமதளம் என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். ஏற்றம் வந்துவிட்டால் கணக்கே மாறும். அப்பா 75 கிலோ, சைக்கிள் 15, மூட்டைகள் 12, பின்னால் இழுக்கும் டிரெயிலர் 12, அதில் பையன் 18 என்று வைத்தால் மொத்தம் 130 கிலோவுக்கு மேல். இதை 100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோக, 100 வாட் சக்தியில் விடாமல் மிதித்தால், உயரம் ஏறுவதற்கே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். தினமும் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு 100 வாட் என்பது வேர்த்துக் கொட்டும் உழைப்பு. ஆகவே வழியின் நீளத்தோடு மொத்த ஏற்றத்தையும் பாருங்கள். ஒரு நாளில் 150 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. அது எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். 100 மீட்டர் ஏற்றம் 10 கிலோமீட்டரில் வந்தால் 1 சதவிகிதம், யாருக்கும் தெரியவே தெரியாது. அதுவே ஒன்றரைக் கிலோமீட்டரில் வந்தால் 6, 7 சதவிகிதம். குழந்தைகள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளுவது தோல்வி இல்லை, ஆனால் நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் தள்ள வைக்காதீர்கள்.

மேட்டையாவது கண்ணால் பார்க்கலாம். எதிர்காற்று அதைவிட மோசம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அவர் முகத்தில் அடிப்பது 32 கி.மீ. வேகக் காற்று. தடை 7 மடங்கு. அவ்வளவு தடையில் அதே வேகத்தில் போகக் குழந்தையால் முடியாது, வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பெரும்பாலான இடங்களில் அந்தந்தப் பருவத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து அதிகம் வீசும் என்பது தெரிந்த விஷயம். வழியைக் காற்றின் போக்கிலேயே அமைத்துக்கொண்டு, திரும்பி வர ரயிலையோ பேருந்தையோ வைத்துக்கொள்ளலாம். காற்று மாறி எதிரே வந்துவிட்டால் பெரியவர் முன்னே போக, குழந்தை பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னாலேயே வரட்டும். அதற்கும் நெருங்க வேண்டாம். பிரேக் பிடித்தால் மோதும்.

பயணத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் அடுத்த ஊருக்கு நகர்வது ஒன்று. ஒரே இடத்தில் தங்கி, காலையில் கிளம்பி ஒவ்வொரு திசையிலும் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்புவது இன்னொன்று. ஊர் விட்டு ஊர் போவதில்தான் பயணம் போன உணர்வு வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் 5 வயதுக் குழந்தையோடு முதல் தடவை என்றால் என் ஓட்டு இரண்டாவதுக்கே. மூட்டைகளைச் சுமக்க வேண்டாம். மழை பெய்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் திட்டம் எதுவும் குலையாது. நடுத்தரமாகவும் ஒன்று செய்யலாம்: இரண்டு தங்குமிடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு, நடுவில் ஒரு நாள் மட்டும் மூட்டையோடு நகர்வது. உங்களுக்கு அதுவே பொருந்தும் என்று தோன்றுகிறது.

எந்த வடிவமானாலும், ஒவ்வொரு நாளின் வழியிலும் பாதியில் நிறுத்திவிட ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். ரயில் நிலையம், பேருந்து நிற்கும் ஊர், சைக்கிளை ஏற்ற இடமுள்ள வாடகை வண்டி, இவற்றில் ஏதாவது ஒன்று எங்கே இருக்கிறது என்று முன்பே குறித்து வையுங்கள். ரயிலில் சைக்கிள் ஏற்றுவதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு, ரயிலுக்கு ரயில் வேறுபடும். ஒரு பெட்டியில் இரண்டு மூன்று சைக்கிளுக்குத்தான் இடம் என்ற நிலை பல இடங்களில் உண்டு, நீங்களோ நான்கு பேர். டிரெயிலரை ஏற்றவே விடாத ரயில்களும் இருக்கின்றன. இதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு இல்லை.

இப்போது சைக்கிள். மகளுக்கு உயரத்துக்கேற்ற சைக்கிள் தான் வேண்டும். அடுத்த வருடமும் ஆகட்டுமே என்று பெரிதாக வாங்கித் தராதீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடி முன்பாதம் தரையில் ஊன்ற வேண்டும், பிரேக் கைப்பிடியை விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அவள் வயதுக்குப் பொதுவாக 24 அங்குலச் சக்கரம் வரும். எடை முக்கியம். 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 15 கிலோ சைக்கிள் கொடுத்தால், 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ சைக்கிள் கொடுத்த மாதிரி. முன்னால் சஸ்பென்ஷன் வைத்த சிறுவர் சைக்கிள்கள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், தார்ச் சாலையில் அதனால் எடை கூடுவதைத் தவிர வேறு லாபம் இல்லை. மகளின் பையில் ஒரு மழைச்சட்டையும் தின்பண்டமும் போதும், மற்றதை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள்.

மகன் விஷயம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. தன் சைக்கிளில் அவனால் நாளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் சந்தோஷமாகப் போக முடியும், 25 முடியாது. பெரியவரின் சைக்கிளில் பின்னால் பொருத்தும் குழந்தை இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரைதான் தாங்கும்படி செய்யப்படுகின்றன. 5 வயதில் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்திருப்பான், அவ்வளவு எடை உயரத்தில் இருந்தால் சைக்கிள் ஆட்டம் போடும். டிரெயிலர் என்றால் தாழ்வாக, நிலையாக இருக்கும், தூங்கலாம், மழை படாது. ஆனால் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு, மிதித்து வியர்க்கும் உங்களுக்குத் தெரியாமலே, குளிர்நாளில் குளிரும், வெயிலில் புழுங்கும். அடிக்கடி தொட்டுப் பாருங்கள். மூன்றாவது வழி, பெரியவரின் சைக்கிளுக்குப் பின்னால் குழந்தையின் சைக்கிளையே ஓர் இணைப்பால் மாட்டிக்கொள்வது. முன்சக்கரம் தூக்கப்பட்டு, அவன் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் கூடவே வருவான். ஆள் குறைந்த நல்ல பாதையில் கழற்றிவிட்டால் தானே ஓட்டுவான். தூங்கிவிடாத குழந்தை என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். மதியம் தூங்கியே ஆக வேண்டிய பிள்ளை என்றால் டிரெயிலர்தான். எதை இழுத்தாலும் இறக்கத்தில் சைக்கிள் நிற்க அதிக தூரம் எடுக்கும், ஏனென்றால் பெரும்பாலான டிரெயிலர்களுக்குத் தனி பிரேக் கிடையாது.

உங்கள் இருவருக்கும் புதிய சைக்கிள் தேவையா என்றால், கேரியர் மாட்ட முடிகிற, கியர் உள்ள எந்தச் சைக்கிளும் போதும். ஒன்றைமட்டும் பாருங்கள்: மிகச் சிறிய கியரில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றோ அதற்குக் குறைவாகவோ சுற்ற வேண்டும். அதாவது முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தின் பற்கள், பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தின் பற்களைவிடக் கூடாமல் இருக்க வேண்டும். டிரெயிலரோடு மேடு ஏற இது இல்லாமல் முடியாது. டயர் 40 மி.மீ. அகலம் இருந்தால் மோசமான சாலையிலும் முதுகு தப்பிக்கும். மூட்டையைத் தோளில் மாட்டாமல் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் வையுங்கள்.

இருவரில் ஒருவருக்கு மிதிக்கத் தெம்பு குறைவு என்றால் மின் சைக்கிள் நல்ல தீர்வு, அதுவும் டிரெயிலர் இழுப்பவருக்கு. விமானத்தில் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு தடை: பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கொண்டுபோக முடியாது, மின் சைக்கிள் பேட்டரிகளோ பொதுவாக 400, 500 வாட்-மணி இருக்கும். போன இடத்தில் வாடகைக்கு எடுக்க வேண்டியதுதான்.

பழுதுபார்க்கும் சாமான்களில் பஞ்சர் ஒட்டும் பெட்டி, டயர் கழற்றும் நெம்புகோல், பல சாவிகள் சேர்ந்த மடக்குக் கருவி, அறுந்த செயினை மாட்டும் இணைப்பி, கொஞ்சம் எண்ணெய் இருந்தால் போதும். மாற்று டியூப் மட்டும் ஒவ்வொரு சக்கர அளவுக்கும் தனித்தனியாக வேண்டும்: உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, டிரெயிலருக்கு ஒன்று. அப்புறம் வால்வு. சிறுவர் சைக்கிள்களில் பெரும்பாலும் கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு இருக்கும், பெரியவர்களின் சைக்கிள்களில் மெல்லிய வால்வு இருக்கலாம். இரண்டுக்கும் பொருந்தும் பம்ப் தானா என்று வீட்டிலேயே காற்றடித்துப் பாருங்கள்.

சாலையில் போகும் வரிசை: ஒரு பெரியவர் முன்னால், குழந்தை நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். கடைசியில் வருபவர் குழந்தைக்கு நேர் பின்னால் போகாமல், சாலையின் நடுப்பக்கமாக அரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பின்னால் வரும் ஓட்டுநர் உங்களைப் பார்த்து விலகும்போது குழந்தைக்கும் சேர்த்து இடம் கிடைக்கும். நாலைந்து சொற்களை முன்பே பேசி வையுங்கள்: பின்னால் வண்டி, குழி, நிற்கிறோம், திரும்புகிறோம். ஒருவர் சொன்னால் மற்றவர் திரும்பச் சொல்ல வேண்டும், காற்றில் பாதி காதில் விழாது. தலைக்கவசம் எல்லோருக்கும், டிரெயிலரில் உட்கார்ந்திருப்பவனுக்கும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் சாய்த்துப் போட்டால் பயனில்லை.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். போக்குவரத்தும் குறைவு, பெரும்பாலும் காற்றும் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது. மதியத்துக்கு முன் தூரத்தில் முக்கால் பங்கு முடிந்துவிட்டால் மீதியை உருட்டிக்கொண்டே முடித்துவிடலாம். குழந்தைகள் தாகம் எடுத்தபின் கேட்பார்கள், அதற்குள் சோர்ந்திருப்பார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். நாளின் நடுவில் அவர்களுக்காகவே ஒரு நீண்ட நிறுத்தம் வேண்டும்: ஓடை, விளையாட்டுத் திடல், ஏறத் தோதான மரம், ஏதோ ஒன்று. வழியை அதைச் சுற்றிப் போடுங்கள். பெரியவர்கள் பார்க்க விரும்பும் பழைய கோட்டைகளுக்கு ஓய்வு நாள் இருக்கிறது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், ஒரே ஓர் இரவு வெளியே தங்கும்படி ஒரு சின்னப் பயணம் போய்வாருங்கள். முழு மூட்டையோடு, டிரெயிலரையோ இணைப்பையோ மாட்டிக்கொண்டு. கேரியர் நட்டு தளர்வது, பை சக்கரத்தில் உரசுவது, மகளின் சீட் வலிப்பது, மகன் தூங்குகிறவனா தூங்காதவனா என்பது எல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் மதியம் மகளின் வேகம் என்ன என்று பார்த்து, மேலே நான் சொன்ன 12 கிலோமீட்டரை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்; நாள்வாரியான தூரங்களை அதை வைத்துத் திரும்பப் போடுங்கள்.